இன்கிரிமென்ட்டை விட்டுக்கொடுத்தால் வேலை நிலைக்குமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கைப்பேசி உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையில் நீங்கள் 7 வருடமாக நிரந்தரத் தொழிலாளி. இரவு ஷிஃப்ட் நின்றுவிட்டது. காண்ட்ராக்ட் ஆட்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள். இப்போது எச்.ஆரில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, இந்த வருடமும் அடுத்த வருடமும் இன்கிரிமென்ட் வேண்டாம் என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். போட்டால் ஆட்குறைப்பு இருக்காது என்று வாயால் சொல்கிறார்கள். விருப்பமிருந்தால் வி.ஆர்.எஸ்., அதாவது விருப்ப ஓய்வுத் தொகை, வாங்கிக்கொண்டு போகலாம் என்று இன்னொரு படிவமும் மேஜையில் இருக்கிறது. எதில் கையெழுத்துப் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியாக எழுதியிருக்கும் ஒரு வரிதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று நினைக்கிறேன்: "போடவில்லை என்றால் முதலில் என்னைத்தான் அனுப்புவார்களா?"

நான் வழக்கறிஞர் இல்லை. இந்த வட்டாரத்து ஆலைகளில் 11 வருடம் பர்சனல் துறையில் இருந்தேன். அதற்கப்புறம் 8 வருடமாகத் தொழிலாளர் பக்கம் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுக்கிறேன், தொழிலாளர் அலுவலகத்துக்கு மனு எழுதித் தருகிறேன். உங்கள் நியமனக் கடிதத்தையும் அந்த இரண்டு தாள்களையும் பார்க்காமல் எழுதுவதால், சில இடங்களில் "இப்படியிருந்தால்" என்றுதான் சொல்ல முடியும். உறுதியாகச் சொல்லக்கூடியதை உறுதியாகவே சொல்கிறேன்.

இன்கிரிமென்ட்டை விட்டுக்கொடுத்தால் வேலை நிலைக்கும் என்ற பேச்சை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கைப்பேசித் தொழிலில் ஒரு ஆலை ஓடுவதா நிற்பதா என்பதைத் தீர்மானிப்பது ஆர்டர். ஒரு ஃபோனின் விலையில் பெரும்பகுதி சிப்புக்கும் திரைக்கும் பேட்டரிக்கும் கேமராவுக்கும் போகிறது. அதைப் பூட்டிச் சேர்க்கும் கைக்குப் போகும் பங்கு மிகச் சிறியது. உங்கள் ஆலைக்கு வாடிக்கையாளர் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். அவர் மாடலை மாற்றினாலோ வேறு சப்ளையருக்குக் கொடுத்தாலோ, உங்கள் எல்லோருடைய இன்கிரிமென்ட்டையும் சேர்த்துப் போட்டாலும் அந்த ஓட்டையை அடைக்க முடியாது. இந்தக் கணக்கு எச்.ஆருக்கும் தெரியும். நானே அந்த நாற்காலியில் இருந்தபோது எனக்கும் தெரிந்துதான் இருந்தது.

இதற்கு ஜெர்மனியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் நிலைமைக்கு இவ்வளவு நெருக்கமான உதாரணம் வேறு எனக்குத் தோன்றவில்லை. சீமென்ஸ் நிறுவனத்துக்கு காம்ப்-லின்ட்ஃபோர்ட், போகோல்ட் என்ற இரண்டு ஊர்களில் ஆலைகள் இருந்தன. காம்ப்-லின்ட்ஃபோர்ட்டில்தான் கைப்பேசி செய்தார்கள். 2004-இல் நிர்வாகம் உற்பத்தியை ஹங்கேரிக்குக் கொண்டுபோகப் போவதாகச் சொன்னது. அங்கே இருந்தது ஐ.ஜி. மெட்டால், உலகத்தின் பலமான சங்கங்களில் ஒன்று. அதுவே இறங்கிவர வேண்டியதாயிற்று. வாரம் 35 மணி நேரம் இருந்த வேலையை 40 மணி நேரமாக்கினார்கள், கூடுதல் 5 மணி நேரத்துக்குக் கூலி கிடையாது. கிறிஸ்துமஸ் போனஸ், விடுமுறைப் படி இரண்டையும் தொழிலாளர்கள் விட்டுக்கொடுத்தார்கள். ஈடாக 2 வருடத்துக்கு வேலை உத்தரவாதம் கிடைத்தது, அதுவும் எழுத்தில். அடுத்த வருடமே, 2005-இல், சீமென்ஸ் தன் கைப்பேசிப் பிரிவைத் தைவானின் பென்க்யூ நிறுவனத்திடம் கொடுத்துவிட்டது. 2006 செப்டம்பர் கடைசியில் பென்க்யூ தன் ஜெர்மன் கிளைக்குப் பணம் தருவதை நிறுத்த, அந்தக் கிளை திவாலானது. சுமார் 3,000 பேர் தெருவுக்கு வந்தார்கள். உத்தரவாதம் கொடுத்தது சீமென்ஸ், ஆனால் ஆலையே வேறு கைக்குப் போய்விட்டது.

கூலி குறைவாக இருந்தால் ஆலை தங்கும் என்பதற்கும் இதேபோல ஒரு கதை உண்டு. நோக்கியா 2008-இல் ஜெர்மனியின் போஹும் ஆலையை மூடிவிட்டு, ருமேனியாவில் க்ளூஜ் நகரத்துக்குப் பக்கத்தில் ஆலை போட்டது. அங்கே சம்பளம் பல மடங்கு குறைவு. நான்கு வருடம் கூட முழுதாக ஓடவில்லை. 2011 செப்டம்பரில் அதையும் மூடுவதாக அறிவித்து, ஆசியாவை நோக்கி உற்பத்தியை நகர்த்தினார்கள். உதிரிபாகம் கிடைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் காரணம். க்ளூஜ் தொழிலாளி இன்னும் குறைந்த கூலிக்கு வேலை செய்திருந்தாலும் அந்த முடிவு மாறியிருக்காது.

நம் ஊர் நோக்கியாவை நீங்கள் பள்ளிப் பருவத்தில் பார்த்திருப்பீர்கள். அதைப் பற்றி இன்றைக்கும் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள், அதனால் நடந்ததையும் ஊகத்தையும் பிரித்துச் சொல்கிறேன். 2006-இல் உற்பத்தி தொடங்கியது. உச்சத்தில் நேரடியாகவே சுமார் 8,000 பேர், அந்த வளாகத்துச் சப்ளையர் கம்பெனிகளில் இன்னும் பல ஆயிரம் பேர். 2013-இல் வருமான வரித் துறை, மென்பொருளுக்காகப் பின்லாந்துக்கு அனுப்பிய பணத்துக்கு வரி பிடிக்கவில்லை என்று சுமார் 2,000 கோடி ரூபாய் கேட்டது. சொத்து முடக்கப்பட்டது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் எடுத்துக்கொண்டபோது சென்னை ஆலை அந்த விற்பனைக்கு வெளியே நின்றது. வி.ஆர்.எஸ். அறிவித்தார்கள், சுமார் 5,000 பேர் வாங்கிக்கொண்டு போனார்கள். மைக்ரோசாஃப்ட் ஆர்டரை நிறுத்த, 2014 நவம்பர் 1 முதல் ஆலை நின்றது. அந்த டிசம்பரிலேயே பக்கத்திலிருந்த ஃபாக்ஸ்கானும் உற்பத்தியை நிறுத்தியது. இதெல்லாம் நடந்தவை. வரிப் பிரச்சினை இல்லாவிட்டால் ஆலை பிழைத்திருக்கும் என்பது ஊகம். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. ஏனென்றால் 2014 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அறிவித்த 18,000 பேர் ஆட்குறைப்பில் சுமார் 12,500 பேர் நோக்கியாவிலிருந்து வந்தவர்கள். ஹங்கேரியில் எந்த வரி வழக்கிலும் சிக்காத கொமாரோம் ஆலையும் அப்போதுதான் மூடப்பட்டது. சென்னையில் அதிகம் செய்தது சாதாரண பட்டன் ஃபோன், அதற்கு மைக்ரோசாஃப்டிடம் எதிர்காலம் இருக்கவில்லை. அந்தக் கட்டடம் பல வருடம் பூட்டிக் கிடந்து, 2019-இல்தான் சார்ஜர் செய்யும் சால்காம்ப் அதை வாங்கியது.

சரி, உங்கள் ஆலைக்கு வருவோம். நிர்வாகம் சொல்வதை விட ஷாப் ஃப்ளோர் நிறையச் சொல்லும். ஓ.டி. நிற்பது முதல் அறிகுறி, அது பெரும்பாலும் பருவச் சுணக்கம்தான். இரண்டு பஸ் ரூட்டை ஒன்றாக்குவது, பயிற்சியாளர்களைப் புதுப்பிக்காமல் விடுவது, காண்ட்ராக்ட் ஆட்களைக் குறைப்பது, இவையும் செலவைச் சுருக்கும் வேலைகள். ஆர்டர் திரும்பினால் திரும்பிவிடும். நான் கவலைப்படுவது வேறு மூன்றைப் பார்த்தால். எஸ்.எம்.டி. லைனில், அதாவது சர்க்யூட் போர்டில் சின்னப் பாகங்களைப் பொருத்தும் லைனில், மெஷினைக் கழற்றி மரப்பெட்டியில் அடைக்கிறார்களா? வாடிக்கையாளரின் ஆட்கள் தணிக்கைக்கு வருவது நின்றுவிட்டதா? அடுத்த மாடலுக்கான சோதனை ஓட்டம் உங்கள் ஆலையில் நடக்கிறதா, இல்லையா? மெஷின் வெளியேறி, புது மாடல் வராமல் இருந்தால், நீங்கள் எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாலும் ஒன்றுதான். இந்த மூன்றையும் உங்கள் மெயின்டனன்ஸ் ஆட்களிடமும் குவாலிட்டியில் இருப்பவர்களிடமும் விசாரித்தால் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

இன்கிரிமென்ட்டை நிறுத்த அவர்களுக்கு உரிமை உண்டா என்பது உங்கள் உயர்வு எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. தொழிலாளர் அதிகாரி முன்னிலையில் போட்ட செட்டில்மென்டில், பழைய சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து நாம் இன்றும் பன்னிரண்டு-மூன்று என்று சொல்கிறோமே அதில், இருந்தால் அந்தத் தொகையைக் கொடுத்தே ஆக வேண்டும். நீங்கள் தனியாகக் கையெழுத்துப் போட்டு அதை ரத்து செய்ய முடியாது. நியமனக் கடிதத்தில் "நிர்வாகத்தின் விருப்பப்படி" என்று மட்டும் இருந்தால் உங்கள் பிடி பலவீனமானது. இரண்டுக்கும் நடுவில், எழுத்தில் எதுவும் இல்லாமல் வருடா வருடம் வழக்கமாகக் கொடுத்து வந்திருந்தால், அதை நிறுத்துவதற்கு முன் 21 நாள் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று வாதாடலாம். ஜெயிக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், வாதாட இடம் இருக்கிறது. ஆனால் சில விஷயங்களில் எந்த நிர்வாகமும் கை வைக்க முடியாது. குறைந்தபட்ச ஊதியத்தோடு வரும் பஞ்சப்படி ஒவ்வொரு ஏப்ரலிலும் மாறும், யார் கையெழுத்துப் போட்டாலும் அது நிற்காது. போனஸ் பெறத் தகுதியுள்ளவருக்குக் கம்பெனி நஷ்டத்தில் இருந்தாலும் 8.33 சதவீதம் உண்டு. அந்தத் தாளில் "எல்லா உயர்வுகளும்" என்று பொதுவாக எழுதியிருந்தால், இதைத்தான் முதலில் கேளுங்கள்.

இனி வி.ஆர்.எஸ். தாள். இதைச் சொல்லும்போது நான் செய்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. பல வருடத்துக்கு முன், நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் இதே போன்ற படிவத்தை நானே மேஜை போட்டு வாங்கினேன், லாக்கர் ரூமுக்குப் பக்கத்தில், இரண்டு நாள். படிவம் முழுக்க ஆங்கிலம். ஓர் அம்மா லைனிலிருந்து நேராக வந்தார், மணிக்கட்டில், உடம்பின் நிலைமின்சாரம் உதிரிபாகத்தைக் கெடுக்காமல் இருக்கக் கட்டும் எர்த் பட்டையைக் கூடக் கழற்றவில்லை, அதன் சுருள் வயர் மேஜை விளிம்பில் தட்டிக்கொண்டே இருந்தது. மூன்றாவது பத்தியில் விரலை வைத்து, "சார், இதுல என் சொந்த விருப்பத்துலன்னு போட்டிருக்கே, எனக்கு விருப்பம் இல்லியே" என்றார். "அது ஃபார்மாலிட்டிம்மா, எல்லாருக்கும் அப்படித்தான்" என்று சொன்னேன். கையெழுத்துப் போட்டார். சில மாதம் கழித்து தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் வேலையிழந்தவர்களுக்கான படியைக் கேட்டுப் போனபோது அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தத் திட்டம் ஆட்குறைப்பு செய்யப்பட்டவருக்கும் ஆலை மூடியதால் வேலை போனவருக்கும் உரியது, விருப்ப ஓய்வில் போனவருக்குக் கிடையாது. பங்களிப்பு நிபந்தனையைப் பூர்த்தி செய்திருந்தால் 24 மாதம் வரை ஊதியத்தில் ஒரு பங்கு வந்திருக்கும். அந்த மூன்றாவது பத்திதான் அதைத் தடுத்தது. நான் பக்கம் மாறியதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் அந்த வயர் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

சட்டத்தில் ஆட்குறைப்பு என்பதற்கும் விருப்ப ஓய்வு என்பதற்கும் இடையே இருக்கும் தூரம் அவ்வளவு. ஆட்குறைப்பு என்றால் நோட்டீஸ் வேண்டும், இழப்பீடு வேண்டும், பெரிய ஆலையாக இருந்தால் அரசின் முன் அனுமதியும் வேண்டும். விருப்ப ஓய்வு என்று எழுதிவிட்டால் இதில் எதுவும் தேவையில்லை. மதுரை மீனாட்சி மில்ஸ் வழக்கில் 1992-இல் உச்ச நீதிமன்றம், ஆட்குறைப்புக்கு முன் அனுமதி கேட்பது செல்லும் என்று தீர்ப்பளித்தது. அப்போது 100 தொழிலாளர் இருந்தாலே அனுமதி வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில் அந்த எண் 300 ஆகிவிட்டது. அதனால் உங்கள் ஆலையில் எத்தனை பேர் என்பது இப்போது மிக முக்கியம். 300 அல்லது அதற்கு மேல் என்றால் 3 மாத நோட்டீஸும் அனுமதியும். அரசு 60 நாளில் பதில் சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே ஆகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். அதற்குக் கீழே என்றால் ஒரு மாத நோட்டீஸ் போதும். காண்ட்ராக்ட் ஆட்களை அந்த 300-இல் சேர்ப்பதா வேண்டாமா என்பது ஆலைக்கு ஆலை வழக்காடித் தீர்க்க வேண்டிய கேள்வி. காண்ட்ராக்ட் ஆட்களை முதலில் அனுப்புவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் சந்தேகம், அதைச் சந்தேகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு கசப்பான கணக்கு. உங்களுக்கு பேசிக்கும் பஞ்சப்படியும் சேர்ந்து 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆட்குறைப்பு இழப்பீடு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம்: 9,000 பெருக்கல் 7, ஆக 63,000. நோட்டீஸ் சம்பளம் ஒரு மாதம் என்றால் 18,000, மூன்று மாதம் என்றால் 54,000. புதுச் சட்டத்தில் மறுபயிற்சி நிதி என்று இன்னொரு 15 நாள் சம்பளம், 9,000. பணிக்கொடை (கிராஜுவிட்டி), 18,000-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆலும் 7-ஆலும் பெருக்கினால் சுமார் 72,700. ஆனால் பணிக்கொடை நீங்கள் ஆட்குறைப்பில் போனாலும் விருப்ப ஓய்வில் போனாலும் உங்களுடையது. அதை வி.ஆர்.எஸ். தொகைக்குள் சேர்த்து "மொத்தம் இவ்வளவு தருகிறோம்" என்று காட்டினால் கழித்துவிட்டுப் பாருங்கள். பி.எஃப். பணத்தையும் மீதமுள்ள லீவுக்கான பணத்தையும் அப்படியே கழியுங்கள். அப்படிப் பார்த்தால், மூன்று மாத நோட்டீஸோடு சேர்த்தும் சட்டம் உங்களுக்குத் தருவது சுமார் 1,26,000 ரூபாய்தான். 7 வருடம் நின்றுகொண்டே வேலை செய்ததற்கு இவ்வளவுதானா என்றால், ஆமாம், இவ்வளவுதான். அதனால் வி.ஆர்.எஸ். வேண்டவே வேண்டாம் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. கழித்தது போக 4 லட்சம், 5 லட்சம் கையில் நிற்கிறது, மெஷினும் பெட்டிக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்றால், வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனமாகக் கூட இருக்கலாம். கழித்தது போக ஒன்றரை லட்சம்தான் என்றால், அதற்காக இ.எஸ்.ஐ. உரிமையையும், ஒரு வருடத்துக்குள் ஆள் எடுத்தால் முதலில் உங்களைக் கூப்பிட வேண்டும் என்ற உரிமையையும் விட்டுக்கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. 2014 மாதிரி இல்லை, இன்றைக்கு இந்த வட்டாரத்தில் வேறு ஆலைகள் ஆள் எடுக்கிறார்கள் என்று யாராவது சொல்வார்கள். எடுக்கிறார்கள்தான். ஆனால் 7 வருட சர்வீஸ் அங்கே பூஜ்யமாகிவிடும், பெரும்பாலும் காண்ட்ராக்ட் அட்டையோடுதான் உள்ளே போவீர்கள்.

முதலில் உங்களைத்தான் அனுப்புவார்களா என்ற அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். ஆட்குறைப்பு நடந்தால், ஒரே பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் போக வேண்டும். இந்த விதி பழைய சட்டத்திலும் இருந்தது, புதியதிலும் இருக்கிறது. மாற்றி அனுப்பினால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். இன்கிரிமென்ட் தாளில் கையெழுத்துப் போட மறுத்தது காரணமாகாது. 7 வருடம் என்பதால் உங்கள் பிரிவில் உங்களுக்குப் பின்னால் நிறையப் பேர் இருப்பார்கள், சீனியாரிட்டி பட்டியலை ஒட்டச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் அட்டையில் லைன் லீடர் என்று போட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம், பெயரைப் பார்க்க மாட்டார்கள், கையால் என்ன வேலை செய்கிறீர்கள் என்றுதான் பார்ப்பார்கள். சட்டம் இப்படியென்றாலும், மறுத்தவரை வேறு ஷிஃப்டுக்கு மாற்றுவது, சின்னத் தவறுக்கு மெமோ கொடுப்பது என்று நெருக்கடி வரலாம். நடக்காது என்று நான் சொன்னால் பொய். அதனால்தான் தனியாக மறுக்காதீர்கள். குறைந்தது உங்கள் லைனில் உள்ளவர்கள் சேர்ந்து ஒரே கடிதமாகக் கொடுங்கள்.

அந்தக் கடிதத்தில் மறுக்கிறோம் என்றே எழுத வேண்டாம். உயர்வைத் தள்ளிவைப்பது பற்றிப் பேசத் தயார், அதற்கு ஈடாக எந்தத் தேதி வரை, எத்தனை பேருக்கு, ஆலை கைமாறினாலும் செல்லும் வேலை உத்தரவாதம் தருகிறீர்கள், தள்ளிவைத்த பணம் எப்போது திரும்ப வரும், இதைத் தொழிலாளர் அதிகாரி முன்னிலையில் செட்டில்மென்ட்டாகப் போடலாமா என்று கேளுங்கள். காம்ப்-லின்ட்ஃபோர்ட்காரர்களைப் போல எழுதி வாங்கியும் ஏமாறலாம். ஆனால் எழுத்தில் தர மறுக்கும் நிர்வாகம் அந்த மறுப்பிலேயே உங்களுக்குப் பதில் சொல்லிவிடும். கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள். தர மாட்டோம் என்றால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கடந்த 12 மாதச் சம்பளச் சீட்டையும் வருகைப் பதிவையும் இன்றே உங்கள் ஃபோனில் எடுத்து வையுங்கள், ஆலை ஆப்பில் இருப்பவை ஒருநாள் திறக்காமல் போய்விடும். ஒருவேளை கட்டாயப்படுத்திக் கையெழுத்து வாங்கிவிட்டால், நாள் கடத்தாமல் அடுத்த ஓரிரு நாளிலேயே, விருப்பமில்லாமல் போட்டது என்று நிர்வாகத்துக்கும் தொழிலாளர் அதிகாரிக்கும் எழுதிவிடுங்கள். வேலை நீக்கத்தை எதிர்த்து வழக்குப் போட முன்பு 3 வருடம் இருந்தது, புதுச் சட்டத்தில் 2 வருடம்தான்.

இரண்டு தாள்களிலும் கம்பெனி பெயர், உங்கள் பெயர், எண் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு வாசகத்தை மட்டும் இங்கே அனுப்புங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் அப்படியே தட்டச்சு செய்தால் போதும். வரி வரியாகத் தமிழில் என்ன அர்த்தம் என்று எழுதித் தருகிறேன். மூன்றாவது பத்தியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.